பகலில் வீட்டில் இருப்பவருக்கும் தகவல் சேர வேண்டும்

வடக்கு வர்ஜீனியாவில் குடியிருக்கும் வாசகர்களிடமிருந்தும், பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோரிடமிருந்தும் வந்த கேள்விகளில் பல ஷெரிஃப் அலுவலகத்தைப் பற்றியவை. அவற்றுக்கே இந்த இதழில் இடம் தருகிறேன்.

ஃபேர்ஃபேக்ஸிலிருந்து ஆஷ்பர்னுக்குக் குடிவந்திருக்கிறோம். அங்கே ரோந்து வண்டிகளில் 'போலீஸ்' என்று எழுதியிருக்கும். இங்கே எல்லாவற்றிலும் 'ஷெரிஃப்'. இந்த ஊரில் போலீஸ் கிடையாதா?
— வாசகி, ஆஷ்பர்ன்

நானும் ஆஷ்பர்ன்வாசிதான். இத்தனை ஆயிரம் வீடுகள் இருந்தாலும் நம் ஊர் சட்டப்படி நகரம் அல்ல. மேயர் இல்லை, நகர போலீஸும் இல்லை. நம் லவுடன் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ரோந்து, குற்ற விசாரணை, சிறை, நீதிமன்றக் காவல் எல்லாமே ஷெரிஃப் அலுவலகத்தின் பொறுப்பு. லீஸ்பர்க், மிடில்பர்க் போன்ற சிற்றூர்கள் மட்டும் சொந்தமாக போலீஸ் வைத்திருக்கின்றன. நீங்கள் விட்டுவந்த ஃபேர்ஃபேக்ஸில் கவுண்டி போலீஸ் தனி. அங்கேயும் ஷெரிஃப் உண்டு. ஆனால் அவர் வேலை சிறையையும் நீதிமன்றத்தையும் பார்த்துக்கொள்வது, நீதிமன்ற ஆணைகளைக் கொண்டு சேர்ப்பது.

இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியமானது. போலீஸ் தலைவர் நியமிக்கப்படுபவர். ஷெரிஃப் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். வர்ஜீனியாவில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல். லவுடனில் 2023 நவம்பரில் நடந்தது. ஆகவே அவர் அலுவலகம் நமக்குத் தகவல் சொல்வது தயவு அல்ல, கடமை. ஓட்டுப் போடக் குடியுரிமை வேண்டும்; கேள்வி கேட்கக் குடியுரிமை தேவையில்லை. ஆகஸ்ட் முதல் செவ்வாய்க்கிழமை மாலை 'நேஷனல் நைட் அவுட்' என்று அக்கம்பக்கத்தார் தெருவில் கூடுவார்கள். 1984 முதல் நடந்துவரும் வழக்கம் இது. டெபுட்டிகளும், அதாவது ஷெரிஃபின் கீழ் வேலை செய்யும் அதிகாரிகளும், வருவார்கள். குழந்தைகள் ரோந்து வண்டியில் ஏறிப் பார்க்கட்டும். நீங்கள் உங்கள் தெருவில் திருட்டு நடந்ததா, எப்படி நடந்தது என்று நேரில் கேளுங்கள்.

மகள் வீட்டில் நானும் மனைவியும் தனியாக இருந்தபோது என் கைபேசி பயங்கரமாக அலறியது. ஆங்கிலத்தில் ஏதோ வந்தது, படிப்பதற்குள் மறைந்துவிட்டது. இப்படி வந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— திருச்சியிலிருந்து வந்திருக்கும் வாசகர்

ஐயா, இந்த மாதம் வந்ததிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது. எச்சரிக்கைகளுக்கெல்லாம் பதிவு செய்திருப்பவர் பகலில் அலுவலகத்தில் இருக்கும் மகளோ மருமகனோதான். ஆபத்து வரும் நேரத்தில் வீட்டில் இருப்பவர் நீங்கள்.

இரண்டு வகை எச்சரிக்கை இருக்கிறது. உங்கள் கைபேசி அலறியது முதல் வகை. 2012 முதல் அமெரிக்கா முழுவதும் இருக்கிறது. பெயர் கொடுக்க வேண்டாம், பதிவு வேண்டாம். ஆபத்துப் பகுதிக்குள் இருக்கும் கைபேசிகளுக்குத் தானாக வரும். சூறாவளி, திடீர் வெள்ளம், குழந்தைக் கடத்தல் போன்றவற்றுக்குத்தான் இதைப் பயன்படுத்துவார்கள். சத்தம் பிடிக்கவில்லை என்று இதை அணைத்துவைக்காதீர்கள்.

இரண்டாவது வகைக்கு நாமே பதிவு செய்ய வேண்டும். லவுடனில் அதன் பெயர் 'அலர்ட் லவுடன்'. இலவசம். எந்தெந்தச் செய்தி வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு கவுண்டியிலும் இதன் பெயர் மாறும், அவ்வளவுதான்.

பதிவு செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கலிஃபோர்னியாவின் பியூட் கவுண்டியில் பார்த்தோம். 2018 நவம்பர் 8 காலை பாரடைஸ் என்ற ஊரைக் காட்டுத்தீ விழுங்கியது. 85 பேர் இறந்தார்கள். வெளியேறச் சொல்லும் செய்தி பதிவு செய்தவர்களுக்கு மட்டும் போகும் முறையில் அனுப்பப்பட்டது. ஊரில் ஏராளமானோர் பதிவு செய்திருக்கவில்லை. செய்தவர்களிலும் பலருக்குப் போய்ச் சேரவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில், அதே மாநிலத்தின் சொனோமா கவுண்டியில் தீ பரவியபோது, தானாகப் போகும் எச்சரிக்கையை அனுப்பினால் தேவையில்லாத பகுதிகளுக்கும் போய் மக்கள் பீதியில் சாலையை அடைத்துவிடுவார்கள் என்று அஞ்சி அதிகாரிகள் அனுப்பாமலே விட்டார்கள். மக்களுக்குச் சொன்னால் பீதி வரும் என்பதை நான் ஏற்கவே மாட்டேன். பின்னால் தானாகப் போகும் அந்த முறையைத் திருத்தி, குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் துல்லியமாகப் போகும்படியும், 90 எழுத்துக்குப் பதிலாக 360 எழுத்துவரை அனுப்பும்படியும் செய்தார்கள்.

இன்று மாலையே மகளிடம் சொல்லி உங்கள் கைபேசி எண்ணையும் அலர்ட் லவுடனில் சேர்க்கச் சொல்லுங்கள். 'டொர்னேடோ வார்னிங்' என்றால் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறைக்குப் போக வேண்டும். 'ஃப்ளாஷ் ஃப்ளட்' என்றால் நீர் ஓடும் சாலையில் இறங்கக் கூடாது. 'எவாக்குவேட்' என்றால் உடனே கிளம்ப வேண்டும். இந்த மூன்றையும் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்து வீட்டார் எண்ணையும் சேர்த்து, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

'ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், ஜூரி பணிக்கு நீங்கள் வரவில்லை, பிடிவாரண்ட் இருக்கிறது, இப்போதே பணம் கட்டினால் ரத்தாகும்' என்று ஒருவர் மிரட்டினார். திரையில் தெரிந்ததும் ஷெரிஃப் அலுவலக எண்தான். வேலை விசாவில் இருப்பதால் பயமாக இருக்கிறது.
— வாசகர், ஸ்டெர்லிங்

பயப்படாதீர்கள், அது மோசடி. நாட்டின் பல மூலைகளிலும் ஷெரிஃப் அலுவலகங்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் மோசடி. முதலில், அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர் ஜூரியில், அதாவது நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் குடிமக்கள் குழுவில், உட்காரவே முடியாது. குடிமகனுக்கும் அழைப்பு தபாலில் வரும். எந்த ஷெரிஃப் அலுவலகமும் தொலைபேசியில் பணம் கேட்காது. கிஃப்ட் கார்டு எண்ணையோ பிட்காயினையோ கேட்கவே கேட்காது. திரையில் எந்த எண்ணை வேண்டுமானாலும் போலியாகக் காட்டலாம். டெபுட்டியின் உண்மையான பெயரைக்கூடச் சொல்வார்கள்.

இணைப்பைத் துண்டியுங்கள். அவர்கள் கொடுத்த எண்ணில் அல்லாமல், நீங்களே தேடி எடுத்த அலுவலக எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். 'யாரிடமும் சொல்லாதே, இணைப்பிலேயே இரு' என்று ஒருவர் சொன்ன நொடியே அவர் திருடர் என்று முடிவு செய்துகொள்ளலாம். பணம் கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். மறைக்காமல் வங்கியிடமும் ஷெரிஃப் அலுவலகத்திடமும் உடனே புகார் கொடுங்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. 911-ஐ அழைத்து என்ன பேசுவார்?
— வாசகி, சவுத் ரைடிங்

'டமில்' என்ற ஒரு சொல் போதும். பல 911 மையங்களில் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அதற்குச் சற்று நேரம் ஆகும்; அதற்குள் அம்மா துண்டித்துவிடக் கூடாது. வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்ல மட்டும் அவரைப் பழக்குங்கள். முகவரி தெரிந்துவிட்டால், வேறு எதுவும் புரியாவிட்டாலும் ஆள் அனுப்ப முடியும். தவறுதலாக அழைத்துவிட்டாலும் வைத்துவிடாமல் 'மிஸ்டேக்' என்று சொல்லட்டும். இல்லையென்றால் திரும்ப அழைப்பார்கள், அல்லது டெபுட்டி வாசலுக்கு வருவார். பேச முடியாத நிலையில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியும் லவுடனில் உண்டு.

ஷெரிஃப் அலுவலகம் வெளியிடும் அன்றாட நிகழ்வு அறிக்கையில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவரின் பெயர் வந்தது. அதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்ததும் பெரிய சண்டை. பகிர்ந்தது தவறா?
— வாசகர், பிராம்பிள்டன்

அறிக்கையை நானும் விடாமல் படிக்கிறேன். எந்தச் சாலையில் கார்க் கண்ணாடியை உடைக்கிறார்கள், எந்த நேரத்தில் வீடு புகுகிறார்கள் என்பது நமக்குத் தேவை. தெற்காசியர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று குறிவைக்கும் கும்பல்கள் பல மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. நகையை வங்கி லாக்கரில் வையுங்கள், ஊருக்குப் போகும் தேதியைப் பொதுவில் அறிவிக்காதீர்கள். குழுவில் பகிர வேண்டியது இதைத்தான்.

கைதானவரின் பெயர் வேறு விஷயம். கைது என்பது குற்றம் நிரூபணமானது என்று பொருள்படாது. வழக்கு தள்ளுபடியானால் அந்தச் செய்தியை உங்கள் குழுவில் யார் பகிரப்போகிறார்கள்? அவர் பிள்ளைகள் அதே பள்ளிப் பேருந்தில்தான் போகிறார்கள். கலிஃபோர்னியாவில் 2022 முதல், வன்முறையற்ற குற்றத்துக்காகக் கைதானவரின் புகைப்படத்தைப் போலீஸோ ஷெரிஃப் அலுவலகமோ பொதுவாகச் சமூக ஊடகத்தில் போடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நீங்கள் அதை நீக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் ஒருவருக்கு அந்தத் தகவல் கட்டாயம் தேவை: பாதிக்கப்பட்டவருக்கு. 1993 டிசம்பரில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் பகுதியில் ஒரு பெண்ணைத் தாக்கிச் சிறை சென்ற முன்னாள் காதலன், ஜாமீனில் வெளியே வந்து அவளைக் கொன்றான். அவன் வெளியே வந்ததை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதன் பிறகுதான் 1994-இல் 'வைன்' என்ற ஏற்பாடு அங்கே பிறந்தது. கைதி விடுதலையாகும்போது, பதிவு செய்தவருக்குத் தொலைபேசி வழியே தகவல் போகும். இன்று பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. வீட்டுக்குள் அடிபடும் பெண் யாரையாவது நீங்கள் அறிந்திருந்தால், இதை அவர் காதில் போடுங்கள்.

அப்பாவின் பழைய வலி மாத்திரைகள் மிஞ்சியிருக்கின்றன. குப்பையில் போடலாமா?
— வாசகி, லீஸ்பர்க்

வேண்டாம். பல ஷெரிஃப் அலுவலகங்களிலும் போலீஸ் நிலையங்களிலும் இதற்கென்றே பெட்டி இருக்கிறது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் நாடு முழுவதும் தனியாகச் சேகரிப்பு நாளும் உண்டு. பெயர் கேட்க மாட்டார்கள்.

டெக்சாஸில் தனியாக இருக்கும் மகள் இரண்டு நாளாகத் தொலைபேசியை எடுக்கவில்லை. கோவையிலிருந்து நான் என்ன செய்ய முடியும்?
— வாசகி, கோயம்புத்தூர்

செய்ய முடியும் அம்மா. 'வெல்ஃபேர் செக்' வேண்டும் என்று கேளுங்கள். அதிகாரி ஒருவர் நேரில் போய்க் கதவைத் தட்டுவார். இந்தியாவிலிருந்து 911-ஐ அழைத்தால் அங்கே போகாது. அவசரமல்லாத அழைப்புகளுக்கான பத்து இலக்க எண்ணை +1 சேர்த்து அழைக்க வேண்டும். மகள் இருப்பது ஃபிரிஸ்கோ, பிளேனோ போன்ற நகரத்துக்குள் என்றால் நகர போலீஸ். எல்லைக்கு வெளியே என்றால் அந்தக் கவுண்டியின் ஷெரிஃப் அலுவலகம். தவறான இடத்தை அழைத்துவிட்டாலும் சரியான எண்ணைக் கேட்டுப் பெறலாம்.

அழைக்கும் முன் மகளின் முழு முகவரி, அடுக்குமாடி என்றால் வீட்டு எண், காரின் நிறமும் வகையும், வேலை செய்யும் இடம், அவருக்கு உடல்நலக் குறைவு ஏதாவது உண்டா, கடைசியாகப் பேசிய நேரம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வயதுவந்தவர் என்பதால், 'நலமாக இருக்கிறார்' என்று மட்டும் சொல்லி மற்ற விவரங்களைத் தராமல் இருக்கலாம். அதற்காக மனம் நோக வேண்டாம். +91 சேர்த்து உங்கள் எண்ணைக் கொடுங்கள். பேசியவரின் பெயரையும், உங்கள் அழைப்புக்கு அவர் தரும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில மணி நேரத்தில் பதில் வரவில்லையென்றால் அந்த எண்ணைச் சொல்லி மறுபடியும் அழையுங்கள்.