ரேட்டிங் 9, ரேட்டிங் 5: எந்தப் பள்ளிப் பக்கம் வீடு பார்ப்பது?

கேள்வி: கணவருக்குக் கலிஃபோர்னியாவுக்கு வேலை மாற்றம். மகள் நான்காம் வகுப்பு போகிறாள். ஒரே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஒரு பள்ளிக்கு இணையதள ரேட்டிங் பத்துக்கு 9, இன்னொன்றுக்கு 5. வீடு எந்தப் பள்ளியின் பக்கமோ அங்கேதான் இடமாம். ஒன்பது பக்கம் வாடகை மாதம் 600 டாலர் கூடுதல். கடன் பட்டாவது அங்கேதான் போக வேண்டுமா?

பதில்: கடன் படாதீர்கள். அந்த 5 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். கலிஃபோர்னியாவில் 3 முதல் 8 வரையும் 11-ஆம் வகுப்பிலும் மாநிலத் தேர்வு உண்டு. ரேட்டிங்கில் அந்த மதிப்பெண்ணுக்கு முக்கிய இடம். படித்த, வசதியான வீட்டுக் குழந்தை எழுத்துக்கூட்டத் தெரிந்தே பள்ளிக்குள் நுழைகிறது. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் ஸ்பானிஷ் பேசி, பள்ளிக்கு வந்துதான் ஆங்கிலம் பழகுகிறார்கள் என்றால் சராசரி இறங்கத்தான் செய்யும். அதை வைத்து ஆசிரியர் சரியில்லை என்று சொல்வது அநியாயம்.

ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டன் குழு நாடு முழுக்க 3 முதல் 8 வகுப்பு மதிப்பெண்களை ஆராய்ந்தது. சராசரி மதிப்பெண் குடும்ப வசதியை ஒட்டியே போகிறது. ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் முன்னேறும் வேகத்துக்கும் வசதிக்கும் தொடர்பு மிகக் குறைவு. அவர்களுடைய எஜுகேஷனல் ஆப்பர்ச்சுனிட்டி எக்ஸ்ப்ளோரர் தளத்தில் இரண்டு பள்ளிகளின் வேகத்தையும் இலவசமாகப் பார்க்கலாம். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அப்புறம் நேரில் போங்கள். கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையிடம் ஆசிரியர் "இந்த விடை எப்படி வந்தது, சொல்லு" என்று கேட்டுக் காத்திருக்கிறாரா? இல்லை, அழித்துச் சரியானதை எழுதிவிட்டு நகர்கிறாரா? அந்த அரை நிமிடம் எந்த ரேட்டிங்கிலும் ஏறாது. தலைமை ஆசிரியரிடமும் ஒன்று கேளுங்கள். கலிஃபோர்னியாவில் 2013-இல் வந்த பள்ளி நிதி முறைப்படி ஏழை மாணவர், ஆங்கிலம் கற்கும் மாணவர் ஒவ்வொருவருக்கும் அடிப்படைத் தொகைக்கு மேல் 20 சதவீதம் டிஸ்ட்ரிக்ட்டுக்கு வருகிறது. இந்தப் பள்ளியில் அது எதுவாக மாறியிருக்கிறது? வாசிப்புக்குத் தனி ஆசிரியரா? கூடுதல் உதவியாளரா? பதில் தெளிவாக வந்தால் நம்பிச் சேர்க்கலாம்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி கேட்பார்கள். பயந்து ஆங்கிலம் என்று எழுதாதீர்கள். தமிழ் என்றே எழுதுங்கள். 30 நாளுக்குள் மகளுக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், அவ்வளவுதான். தேவைப்பட்டால் உதவி கிடைக்கும்.

கடைசியாக, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்குப் போன் போட்டு, நான்காம் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெயர்பெற்ற பள்ளி நிரம்பிவிட்டால், பக்கத்துத் தெருவில் குடியிருந்தாலும் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள்.