டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் விளையாட்டில் விசித்திரமான இயந்திரங்களை ஏன் இவ்வளவு பாடுபட்டுக் கட்டுகிறார்கள்?

உங்கள் தம்பி இந்த விளையாட்டில் ஒரு வாசற்கதவைத் தானாகத் திறந்து மூட வைப்பதற்காக ஆற்றைத் திருப்பி, நீர்ச்சக்கரங்களை நிறுத்தி, வாரக்கணக்கில் மெனக்கெட்டதைச் சொல்லி, ஒரு நெம்புகோலை இழுத்தால் முடிந்துவிடும் வேலைக்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக அதே பாட்டை விரும்பிப் பட்டுக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். தண்ணீர், எடை, விசை, காலம் ஆகியவற்றுக்கு அந்த விளையாட்டில் வகுக்கப்பட்டுள்ள விதிகள் குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கென்று எழுதப்பட்டவை அல்ல. கோட்டையின் எந்த மூலையிலும் அவை ஒரே மாதிரி செல்லுபடியாகும். அப்படிப்பட்ட விதிகள் கைக்குக் கிடைத்துவிட்டால், அவற்றை வைத்து எதுவரை போகலாம் என்று பார்க்காமல் இருக்க மனம் ஒப்புவதில்லை.

விளையாட்டைப் பற்றி முதலில் சுருக்கமாக. அமெரிக்கச் சகோதரர்களான டார்ன் ஆடம்ஸும் சாக் ஆடம்ஸும் 2002 இல் தொடங்கி, 2006 ஆகஸ்டில் முதன்முதலாக இலவசமாக வெளியிட்டது இது. நீண்ட காலம் தனியொருவராக அதற்கு நிரல் எழுதிவந்த டார்ன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். மனிதர், மிருகம், மலை, மரம் அனைத்தும் எழுத்துக்குறிகளாகவே திரையில் தெரிந்த அந்த ஆட்டத்தை, 2012 இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட 14 வீடியோ விளையாட்டுகளில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. படங்களோடு கூடிய விற்பனைப் பதிப்பு 2022 டிசம்பர் 6 அன்று கிட்ஃபாக்ஸ் கேம்ஸ் என்ற வெளியீட்டு நிறுவனம் மூலம், கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வந்தது. ஒரு குள்ளர் கூட்டம் மலையைக் குடைந்து கோட்டை அமைக்கிறது. நாம் அவர்களுக்கு வேலை சொல்கிறோம், அவர்கள் செய்கிறார்கள். நம் கையால் எதையும் தொட முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது தேவைப்படும்.

இயந்திரத்துக்கான உறுப்புகள் மிகக் குறைவு. பட்டறையில் குள்ளர் ஒருவர் கல்லைச் செதுக்கி மெக்கானிசம் என்ற பாகத்தைச் செய்கிறார். ஒரு நெம்புகோலை ஒரு கதவோடு இணைக்க வேண்டுமென்றால் நெம்புகோலில் ஒன்று, கதவில் ஒன்று என இரண்டு மெக்கானிசங்கள் செலவாகும். இடையில் கம்பியோ கயிறோ வேண்டியதில்லை. கோட்டையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சைகை அந்த நொடியே போய்ச் சேரும். நெம்புகோலுக்குப் பதிலாக மிதிபலகையையும் வைக்கலாம். யாராவது மிதித்தாலோ, அது பதிந்துள்ள கட்டத்தில் (விளையாட்டின் நிலம் முழுதும் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்) தண்ணீர் குறிப்பிட்ட அளவில் நின்றாலோ அது சைகை அனுப்பும். இவற்றோடு மதகு, தூக்குப்பாலம், பற்சக்கரம், அச்சுத்தண்டு, திருகு பம்பு, காற்றாலை, நீர்ச்சக்கரம் என்று இன்னும் சில. தானியங்கிக் கதவு, கடிகாரம், வெள்ளப் பொறி என்ற பெயர்களில் எந்தக் கருவியும் பட்டியலில் கிடையாது. வேண்டுமென்றால் நாமேதான் இவற்றிலிருந்து யோசித்துச் சேர்க்க வேண்டும்.

யோசிப்பதற்கு இடம் கொடுப்பது, என் கருத்தில், தாமதம்தான். நெம்புகோலை இழுத்தவுடன் கதவு திறந்துகொள்ளும். ஆனால் மதகும் தூக்குப்பாலமும் சைகை கிடைத்து 100 கணங்கள் கழித்தே அசையும். கணம் என்பது விளையாட்டு காலத்தை எண்ணும் மிகச் சிறிய அலகு. விளையாட்டின் ஒரு நாள் 1200 கணங்கள் என்பதால், இது ஒரு நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மிதிபலகையும் அப்படித்தான்: நிபந்தனை நிறைவேறிய உடனே அது திறப்புச் சைகையை அனுப்பிவிடும், நிபந்தனை நீங்கிய பிறகு ஏறக்குறைய 100 கணங்கள் காத்திருந்துதான் மூடும் சைகையை அனுப்பும். புதிதாக வருபவர்கள் இதைக் குறை என்று நினைத்துச் சலித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இந்த விளையாட்டிலேயே மிகவும் பிடித்த விதி இதுதான். காரணத்தைச் சொல்ல ஒரு நீர்த்தொட்டி போதும்.

கிணற்றுக்கு அடியில் ஒரு தொட்டி, அதற்கு ஆற்றிலிருந்து ஒரு கால்வாய், கால்வாயின் வாயில் ஒரு கல்கதவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டத்தில் தண்ணீர் 0 முதல் 7 வரை எந்த அளவிலும் நிற்கலாம். தொட்டியின் தரையில் ஒரு மிதிபலகையைப் பதித்து, 0 முதல் 3 வரை தண்ணீர் இருந்தால் சைகை கொடு என்று அமைத்து, அதைக் கதவோடு இணைக்கிறோம். தொட்டி வற்றியிருக்கும்போது கதவு திறந்து நிற்கும். தண்ணீர் 4 ஐத் தொட்டதும் பலகை உடனே மூடச் சொல்லாது, அந்த 100 கணங்கள் கழிய வேண்டும். கதவுக்குப் பதில் மதகை வைத்திருந்தால் இன்னுமொரு 100 கணங்கள் சேர்ந்துகொள்ளும், அதற்குள் தொட்டி நிரம்பி, ஆற்று நீரின் அழுத்தம் கிணற்று வாய் வழியாகத் தண்ணீரை மேலே தள்ளிவிடக்கூடும். அனுபவசாலிகள் இந்த இடத்தில் மதகைத் தவிர்த்துக் கதவை வைப்பதும், கால்வாயை ஓரிடத்தில் மூலைவிட்டமாகத் திருப்புவதும் இதனால்தான். மூலைவிட்டமாகப் புகும் தண்ணீர் அழுத்தத்தை இழந்து சாதுவாக வந்து சேரும்.

இப்போது அதே தொட்டியிலிருந்து தண்ணீரை ஓயாமல் இறைத்து ஆற்றிலேயே திரும்ப விடும்படி ஒரு பம்பைச் சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் குறையும், கதவு திறக்கும், தொட்டி நிரம்பும், 100 கணங்கள் கழித்துக் கதவு மூடும், பம்பு இறைத்துக்கொண்டே இருப்பதால் தண்ணீர் மறுபடியும் குறையும். யாரும் தொடாமலேயே இது மாறி மாறி நடந்துகொண்டிருக்கும். தொட்டி கடிகாரமாகிவிட்டது. அதே மிதிபலகையைக் கோட்டை வாசலில் உள்ள பாலத்தோடும் இணைத்துவிட்டால் பாலம் தாளம் தவறாமல் ஏறி இறங்கும். தாமதம் என்ற அந்த ஒரு விதி இல்லாவிட்டால் தண்ணீர் 3 க்கும் 4 க்கும் இடையில் நடுங்கிக்கொண்டு நிற்குமே தவிர, சீரான துடிப்பு பிறக்காது. உங்கள் தம்பி கட்டியதும் பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். அவரிடம் அந்தத் தொட்டியைக் காட்டச் சொல்லி, தண்ணீரின் அளவு ஏறி இறங்குவதைச் சற்று நேரம் பாருங்கள். வாசற்கதவைவிட அதைத்தான் அவர் பெருமையோடு காட்டுவார் என்பது என் நம்பிக்கை.

நெம்புகோலே போதாதா என்ற உங்கள் கேள்விக்கு இன்னொரு பக்கம் உண்டு. நெம்புகோலை நாம் இழுப்பதில்லை, குள்ளர் ஒருவர் வந்து இழுக்க வேண்டும். அவர் தூங்கிக்கொண்டிருக்கலாம், மதுக்கூடத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம், கோயிலில் வேண்டிக்கொண்டிருக்கலாம். கோப்ளின் என்ற எதிரி இனத்தின் படை வாசலை நெருங்கும்போது பாலத்தைத் தூக்கச் சொல்லி ஆணையிட்டுவிட்டு, கோட்டையின் மறுகோடியிலிருந்து ஒருவர் படியேறி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பதற்றமான அனுபவம். சிலர் நெம்புகோல் அறையை ஒட்டியே ஒரு குள்ளருக்குப் படுக்கையும் உணவும் மதுவும் வைத்து, அவரது நடமாட்டத்தை அந்த எல்லைக்குள் அடக்கிவிடுவார்கள். அவரும் இயந்திரத்தின் ஓர் உறுப்பு ஆகிவிடுகிறார், பசியும் தாகமும் உள்ள உறுப்பு. மைன்கிராஃப்ட் என்ற இன்னொரு விளையாட்டில் சிவப்புக்கல் (ரெட்ஸ்டோன்) என்ற பொருளால் மின்சுற்று போன்ற அமைப்புகளைக் கட்டுபவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அங்கே ஆட்டக்காரரே ஓடிப்போய் அழுத்திவிடலாம். இங்கே மிதிபலகையும் கடிகாரமும் ஆடம்பரமாகத் தோன்றினாலும், யாரையும் நம்பாமல் வாசலை மூட வேறு நிச்சயமான வழி இல்லை.

விசைக்கு வருவோம். காற்றாலை இடத்தைப் பொறுத்து 40 அலகோ 20 அலகோ தரும், சில இடங்களில் ஒன்றுமே தராது. நீர்ச்சக்கரம் 100 அலகு உற்பத்தி செய்து அதில் 10 ஐத் தானே எடுத்துக்கொள்கிறது. திருகு பம்புக்கு 10, பற்சக்கரத்துக்கு 5, கிடையான அச்சுத்தண்டுக்குக் கட்டத்துக்கு 1. இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் ஒருவருக்குத் தோன்றக்கூடியது, சக்கரத்தைச் சுழற்றும் தண்ணீரை அதே சக்கரத்தின் விசையால் இறைத்தால் என்ன என்பதுதான். விளையாட்டு அதை அனுமதிக்கிறது. முதலில் ஒரு குள்ளர் கையால் பம்பை இயக்கி ஓட்டத்தைத் தொடங்கிவைத்தால், பிறகு சக்கரமும் பம்பும் ஒன்றையொன்று ஓட்டிக்கொண்டு, 80 அலகை மிச்சமாகவும் தரும். ஆறே இல்லாத மலையிலும், ஒரு சிறு குட்டைத் தண்ணீர் இருந்தால் ஆலை ஓட்டலாம். இயற்பியலின்படி நடக்கவே முடியாத இந்த நிரந்தர இயக்கத்தைப் பிழை என்று திருத்தச் சொல்பவர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. மந்திரமும் அரக்கர்களும் உள்ள உலகத்துக்கு அதற்கேற்ற இயற்பியல் இருப்பதில் தவறில்லை.

எல்லோரும் ஒருமுறையாவது ஆசைப்படும் பெரிய வேலை, பூமியின் ஆழத்தில் உள்ள பாறைக்குழம்பை மேலே கொண்டுவருவது. அது மேலே வந்துவிட்டால் உலைகளுக்கு விறகோ கரியோ வேண்டாம், எதிரிகளின் பாதையில் பாய்ச்சவும் செய்யலாம், தண்ணீரோடு கலந்தால் எரிமலைக் கண்ணாடியாக உறைவதால் சுவர்களையே வார்க்கலாம். ஒரு பம்பு ஒரே ஓர் அடுக்குதான் ஏற்றும். ஆகவே 100 அடுக்குகளுக்கு 100 பம்புகள், 1000 அலகு விசை, அதற்குக் குறைந்தது 12 நீர்ச்சக்கரங்கள். பம்பின் பாகங்கள் இரும்பு போன்ற, குழம்பின் சூட்டைத் தாங்கும் பொருளால் ஆனவையாக இருக்க வேண்டும். பம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திசை மாற்றி மாற்றி நிறுத்தினால் விசையை அவையே மேலே கடத்திக்கொள்ளும். இதே காரியத்துக்கு இன்னும் விபரீதமான வழி ஒன்றும் உண்டு: குழம்புக் கடலுக்கு மேலே ஒரு பெரிய பாறைத் தூணைச் சுற்றிலும் வெட்டித் தனியாக்கி, ஒரே ஒரு முட்டுக்காலில் தொங்கவிட்டு, நெம்புகோலால் அந்த முட்டை நீக்கினால், தூண் அப்படியே உள்ளே விழும், அது இடம்பெயர்த்த குழம்பு தூணின் உச்சியில் வந்து நிற்கும். விழும் பாறை, இடம்பெயரும் திரவம் என்ற இரண்டு பொது விதிகளை ஒருவர் உட்கார்ந்து யோசித்துப் பார்த்ததால் கிடைத்த வழி இது, யாரும் இதற்கென்று ஏற்பாடு செய்துவைக்கவில்லை.

இந்த வரிசையின் உச்சம் கணிப்பொறிதான். ஒரு பற்சக்கரத்தை நெம்புகோலோடு இணைத்தால், சைகை வரும்போதெல்லாம் அது விசையை விடும், மறுபடி பிடிக்கும். இரண்டு பற்சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், இரண்டும் பிடித்திருக்கும்போதுதான் கடைசியில் உள்ள பம்பு ஓடும். அந்தப் பம்பு இறைக்கும் தண்ணீர் ஒரு மிதிபலகையின் மேல் நின்றால் விசை மறுபடியும் சைகையாகிவிடும். கணிப்பொறியின் அடிப்படையான ‘இதுவும் அதுவும்’ என்ற தருக்கம் இவ்வளவுதான். இப்படிச் சேர்த்துச் சேர்த்து நிரல் எழுதி இயக்கக்கூடிய முழுக் கணிப்பொறிகளையே கோட்டைக்குள் கட்டியவர்கள் இருக்கிறார்கள். சிலர் பம்புக்குப் பதில் சுரங்க வண்டிகளை ஓடவிட்டும், சிலர் வழி திறக்கும் பக்கமெல்லாம் நடக்கும் விலங்கின் இயல்பைப் பயன்படுத்தியும் அதே தருக்கத்தை அமைக்கிறார்கள். வண்டிகளே வேகமானவை என்று பலர் சொல்வது சரிதான், ஆனாலும் எனக்குத் தண்ணீர்தான் பிடிக்கும். எங்கே தேங்குகிறது, எங்கே தயங்குகிறது என்று அதில் கண்ணால் பார்க்க முடிகிறது.

உங்களுக்கே முயன்று பார்க்கத் தோன்றினால், மேலே சொன்ன தொட்டியிலிருந்தே தொடங்கலாம். குளிர்ப் பிரதேசத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் குளிர்காலத்தில் வெட்டவெளித் தண்ணீர் உறைந்து சக்கரமும் கடிகாரமும் நின்றுவிடும். ஆகவே கால்வாயையும் தொட்டியையும் மண்ணுக்கு அடியில் வெட்டி, ஆறு உறைவதற்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். மூடிய தளத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீர் உறைவதில்லை.