அக்கிலீஸின் சினமும் ஒடிசியஸின் பெயரும்: மாணவர் கேள்விகளுக்குப் பதில்

தேர்வு நெருங்குவதால், கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காப்பியங்களான இலியடையும் ஒடிசியையும் பாடமாகப் படிக்கும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இலக்கியக் கலைச்சொல் எதுவானாலும் வரையறையோடு நிறுத்தாமல், காப்பியத்தில் அது வேலை செய்யும் ஓர் இடத்தையும் சேர்த்துப் படியுங்கள். இடம் நினைவிருந்தால் வரையறை தானாக வரும்.

பிளஸ் டூ மாணவி: ஐயா, டிராய் போர் முழுவதும் இலியடில் இருக்கிறது என்று எழுதினேன். ஆசிரியை அடித்துவிட்டார். ஏன்?

அடித்தது சரிதான் அம்மா. போர் பத்தாண்டுப் போர். இலியட் எடுத்துக்கொள்வது பத்தாம் ஆண்டில் சில வாரங்களை மட்டுமே. பிரிசெயிஸ் என்ற சிறைப்பெண்ணைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் பறித்துக்கொள்ள, கிரேக்க வீரன் அக்கிலீஸ் சினந்து போரிலிருந்து விலகுகிறான். நண்பன் பட்ரோக்ளஸ் டிராய் இளவரசன் ஹெக்டரின் கையால் மாண்ட பிறகே களத்துக்குத் திரும்பி, ஹெக்டரைக் கொல்கிறான். ஹெக்டரின் ஈமச்சடங்கோடு 24ஆம் காண்டம் முடிகிறது, காப்பியமும் முடிகிறது.

மரக்குதிரை இலியடில் கிடையாது. ஒடிசியில் நடந்து முடிந்த செய்தியாக வருகிறது. விரிவாக வேண்டுமென்றால் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ஈனியட், இரண்டாம் காண்டத்துக்குப் போக வேண்டும். அக்கிலீஸின் சாவு இலியடில் முன்னறிவிக்கப்படுகிறது, நிகழ்வதில்லை. குதிகால் கதையோ ஹோமரில் எங்குமே இல்லை. தாய் தெட்டிஸ் குழந்தையை ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கியெடுத்த கதை கி.பி. முதல் நூற்றாண்டு லத்தீன் கவிஞர் ஸ்டேஷியஸிடம் காணப்படுவது.

கல்லூரி முதலாமாண்டு மாணவர்: யூலிசஸும் ஒடிசியஸும் ஒருவரா?

ஒருவரே. யூலிசஸ் என்பது லத்தீன் வழியாக வந்த வடிவம். கிரேக்கரின் ஸீயஸ் கடவுளுக்கு ரோமானியப் பெயர் ஜூபிடர். விடைத்தாளில் கிரேக்கப் பெயர்களையே தொடர்ந்து எழுதுங்கள்; கலக்காதீர்கள்.

அதே மாணவர்: கதையை நடுவிலிருந்து தொடங்குவது என்றால் என்ன ஐயா?

ரோமானியக் கவிஞர் ஹொராஸ் ஹோமரைப் பாராட்டிச் சொன்ன உத்தி இது. ஒடிசியில் நாயகன் ஐந்தாம் காண்டத்தில்தான் நேரில் வருகிறான். முதல் நான்கும் தந்தையைத் தேடும் மகன் டெலிமக்கஸுக்கு உரியவை. கடலில் பட்ட பாடுகளை 9 முதல் 12 வரையிலான காண்டங்களில் ஒடிசியஸே விருந்தில் அமர்ந்து சொல்கிறான். காலத்தால் முந்தியது கதையில் பிந்தி வருகிறது என்பதைக் காட்டிவிட்டால் முழு மதிப்பெண்.

பள்ளி ஆசிரியை: உவமையையும் உருவகத்தையும் மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். கிரேக்க எடுத்துக்காட்டு ஒன்று கொடுங்கள்.

அரிஸ்டாட்டிலே கொடுத்திருக்கிறார். அக்கிலீஸைப் பற்றி ‘சிங்கம்போல் பாய்ந்தான்’ என்றால் உவமை. அவனையே மனத்தில் வைத்து ‘சிங்கம் பாய்ந்தது’ என்றால் உருவகம். ஆனால் நம் இலக்கணத்தில் இரண்டாவது, ‘காளை வந்தான்’ என்பதைப் போல உவமையாகுபெயருக்கு நெருக்கமானது. நம் உருவகத்தில் ‘முகத்தாமரை’ என்று இரண்டு பொருள்களுமே நிற்கும். தமிழ்ப் பாடத்துக்கும் ஆங்கிலப் பாடத்துக்கும் ஒரே வரையறையை எழுதச் சொன்னால் குழப்பம் தீராது.

முதுகலை மாணவி: ஹோமரின் நீண்ட உவமைகள் கதையைத் தடுப்பதாகத் தோன்றுகிறது. தவறா?

தடுப்பது உண்மை. ஆனால் எந்த நேரத்தில் தடுக்கிறது என்று பாருங்கள். இலியட் நான்காம் காண்டத்தில் கிரேக்க அரசன் மெனலாஸின் தொடையில் குருதி வழிகிறது. உடனே ஹோமர், ஆசியா மைனரில் ஒரு பெண் குதிரைக்கான கன்னத்தகட்டுத் தந்தத்தில் செஞ்சாயம் ஏற்றுவதைக் காட்டுகிறார். பல வீரர்கள் ஆசைப்பட்டும் அது அரசனுக்கென்று அறையில் காத்திருக்கிறது. காயத்தைப் பார்த்த நம் கண் ஒரு கைவினைஞரின் வீட்டுக்குள் போய்த் திரும்புகிறது.

22ஆம் காண்டம் இன்னும் கூர்மையானது. அக்கிலீஸ் துரத்த, ஹெக்டர் டிராய் மதிலைச் சுற்றி ஓடுகிறான். கனவில் ஓடுகிறவனை விரட்டுகிறவன் எட்ட முடியாததுபோல, ஓடுகிறவன் தப்பவும் முடியாததுபோல என்கிறார். அதற்குச் சற்று முன்பு, கிரேக்கர் வருவதற்கு முந்தைய அமைதிக் காலத்தில் டிராய்ப் பெண்கள் துணி துவைத்த கல்தொட்டிகளை அவர்கள் கடக்கிறார்கள். அந்தத் தொட்டிகள் உவமையும் இல்லை, உருவகமும் இல்லை. ஆனாலும் நகரம் இழக்கப்போவது என்ன என்பதை அவ்வளவு அழுத்தமாகச் சொன்ன இடம் காப்பியத்தில் எனக்கு வேறு தெரியவில்லை.

கல்லூரி மாணவர்: ‘விரைந்த கால்களையுடைய அக்கிலீஸ்’ என்று திரும்பத் திரும்ப வருவது கூறியது கூறல் ஆகாதா?

முதல் காண்டத்திலேயே அவன் கப்பலருகே சினத்தோடு உட்கார்ந்திருக்கும்போதும் கவிஞர் அப்படித்தான் சொல்கிறார். காரணம் யாப்பில் இருக்கிறது. ஆறு சீர் கொண்ட அடியின் முடிவில் எவ்வளவு இடம் எஞ்சுகிறதோ அதற்குப் பொருந்தும் அடைமொழி பாடகனிடம் தயாராக இருக்கும். அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி இதை முதலில் நூலிலிருந்தே நிறுவினார். பிறகு 1930களில் யூகோஸ்லாவியா சென்று, நெடுங்கதைகளை ஏடின்றிப் பாடியவர்களின் பாட்டைப் பதிவு செய்தார். இந்த வாய்மொழிக் கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தவர் இலங்கையின் க. கைலாசபதி, அந்த ஆங்கில ஆய்வு 1968இல் நூலானது. அவருடைய முடிவுகளை எல்லோரும் ஏற்கவில்லை. இரண்டு இலக்கியங்களையும் ஒருசேரப் படிக்க விரும்புகிறவர் அவரைப் படிக்காமல் இருக்கக் கூடாது.

பிளஸ் ஒன் மாணவர்: காப்பியம் படிக்க இலக்கணம் எதற்கு ஐயா?

தம்பி, இலியடின் முதல் சொல்லே ‘சினத்தை’. இரண்டாம் வேற்றுமை. உருபு பொருளைக் காட்டிவிடுவதால் செயப்படுபொருளைக் கிரேக்கம் வாக்கியத்தின் தலையில் வைக்க முடிகிறது. ‘சினத்தைப் பாடு, தேவியே’ என்று தமிழிலும் அப்படியே வைக்கலாம்.

அடுத்து ஒடிசி ஒன்பதாம் காண்டம். ஒற்றைக்கண் அரக்கன் பொலிபீமஸிடம் ஒடிசியஸ் தன் பெயர் ‘ஊட்டிஸ்’ என்கிறான். எவருமில்லை என்று பொருள். கண் குருடானதும் அரக்கன் ‘ஊட்டிஸ் என்னைக் கொல்கிறான்’ என்று அலறுகிறான். கிரேக்கத்தில் எதிர்மறை அந்தப் பெயர்ச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வினை உடன்பாடாகவே நிற்கும். ஆகவே குகைக்கு வெளியே நின்ற மற்ற அரக்கர்களுக்கு ‘என்னை யாரும் கொல்லவில்லை’ என்று கேட்கிறது. தமிழில் எதிர்மறை வினையில் ஏற வேண்டும். அதனால்தான் இந்தத் தந்திரம் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் கையில் நழுவுகிறது.

முதுகலை மாணவர்: இலியட் ஒன்பதாம் காண்டத் தூதில் மூவர் போகிறார்கள், வினைகளோ இருமையில் இருக்கின்றனவாமே?

நல்ல கேள்வி. தமிழில் ஒருமை, பன்மை மட்டும். ஹோமரின் கிரேக்கத்தில் வடமொழிபோல், இருவரை மட்டும் குறிக்கும் இருமையும் உண்டு. அக்கிலீஸைச் சமாதானப்படுத்தப் போகிறவர்கள் ஃபீனிக்ஸ், ஏஜாக்ஸ், ஒடிசியஸ். உடன் இரண்டு கட்டியக்காரர்கள். ஆனால் கடற்கரையில் ‘இருவர்’ நடந்தார்கள் என்றே வினை வருகிறது. ஃபீனிக்ஸ் முன்னே போய்விட்டார், அதனால் மற்ற இருவரைக் குறிக்கிறது என்பது ஒரு விளக்கம். கட்டியக்காரர் இருவரைக் குறிக்கிறது என்பது இன்னொன்று. ஃபீனிக்ஸ் இல்லாத பழைய பாடலின் வினைகள் அப்படியே தங்கிவிட்டன என்பது மூன்றாவது. வாய்மொழியாகப் பாடப்பட்ட காப்பியம் என்பதால் எனக்கு மூன்றாவதே ஏற்புடையது. தேர்வில் மூன்றையும் எழுதிவிட்டு, எதை ஏற்கிறீர்கள் என்று காரணத்தோடு எழுதுங்கள்.