48-இல் ஒரு பங்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மரத்தில் படகு மாதிரி செய்வதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஆறு மாதம் முன்பு நானும் தொடங்கினேன். ஸ்காட்லாந்தின் ஃபைஃபி வகை மீன்பிடிப் பாய்மரப் படகு. அசல் 70 அடி நீளம், நான் எடுத்துக்கொண்டது 1:48. ஏரா (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம்), விலாச்சட்டங்கள் எல்லாம் வரைபடத்தில் உள்ளபடியே வந்தன. பலகை போட ஆரம்பித்ததும்தான் தகராறு. நடுவில் ஒழுங்காகப் படிகிற பலகைகள் இரண்டு முனைகளிலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. ஏறியதை இழைத்துவிட்டு, சந்துகளில் மக்கு வைத்து உப்புத்தாள் போட்டிருக்கிறேன். பெயின்ட் அடித்தால் தெரியாது என்று நினைக்கிறேன். அப்படியே விடலாமா, பிரிக்க வேண்டுமா?

இன்னொன்று. எல்லா அளவையும் 48-ஆல் வகுத்துத்தான் செய்கிறேன். ஆனாலும் பார்க்கப் பொம்மை போலவே இருக்கிறது. ஏன்? முடிந்ததும் தண்ணீரில் விட வேண்டும் என்று மகள் வேறு கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

பிரித்துவிடுங்கள்.

ஆறு மாத உழைப்பைப் பிரிக்கச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் என் முதல் படகில் நானும் இதையேதான் செய்தேன். பெயின்ட் அடித்த அன்று உடல் முழுக்க வழவழவென்று இருந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் மக்கு வைத்த இடமெல்லாம் மயிரிழை மாதிரி விரிசல் விட்டது. மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மக்கு அதோடு சேர்ந்து அசையாது.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் பலகையின் அகலம் நடுவிலும் 4 மி.மீ., அணியத்திலும் (முன்முனையிலும்) 4 மி.மீ. அதுதான் கோளாறு. படகின் நடுவில் ஏராவிலிருந்து மேல்விளிம்பு வரை வளைவோடு சேர்த்து அளந்தால் 84 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மி.மீ. வீதம் 21 பலகை. அதே அளவை முனையில் எடுத்தால் 63 மி.மீ.தான் இருக்கும். அந்த 63-க்குள்ளும் 21 பலகையும் அடங்க வேண்டும். அப்படியென்றால் அங்கே ஒவ்வொன்றும் 3 மி.மீ.தான். ஃபைஃபிக்கு முன்னும் பின்னும் கூர்முனை என்பதால் இரண்டு பக்கமும் இதே கணக்கு. கடையில் ஒரே அகலத்தில் விற்கிறார்கள் என்பதற்காகப் படகு அந்த அகலத்துக்கு இறங்கி வராது.

நான் செய்வது இதுதான். ஒரு காகித நாடாவை விலாச்சட்டத்தின்மேல் வளைத்து ஒட்டி, ஏராவையும் மேல்விளிம்பையும் குறித்துக்கொள்வேன். நாடாவைப் பிரித்து மேசையில் வைத்து 21 சம பாகமாக்கி, மறுபடி சட்டத்தில் சுற்றிக் குறிகளை மரத்துக்கு மாற்றுவேன். எல்லாச் சட்டங்களுக்கும் இப்படி. பிறகு மெல்லிய சிம்பு ஒன்றைக் குறிகளின் வழியே வளைத்துக் குண்டூசியால் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனையிலிருந்து பார்ப்பேன். எங்காவது கோணல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஒரு மாலை முழுக்க இதிலேயே போகும். போகட்டும், படகின் உடல் அந்த மாலையில்தான் உருவாகிறது.

இன்னொரு காரணமும் படத்தில் தெரிகிறது. முனைக்குப் பக்கத்துச் சட்டங்களின் விளிம்பை நீங்கள் சாய்வாக இழைக்கவில்லை. பலகை சட்டத்தின் கூர்விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது, பசைக்குப் பிடிமானம் ஏது? வெள்ளைப் பசைதான் என்று எழுதியிருந்தீர்கள், நல்லது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவிச் சிறிது நேரம் விட்டால் இளகும். மெல்லிய கத்தியால் நெம்பி எடுக்கலாம், சட்டம் சேதமாகாது. திரும்பப் போடும்போது இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே பக்கம் போட்டுக்கொண்டே போனால் ஏரா முறுக்கிக்கொள்ளும்.

1902-இல் கட்டிய ரீப்பர் என்ற ஃபைஃபி, ஆன்ஸ்ட்ருதரில் உள்ள ஸ்காட்டிஷ் மீன்பிடி அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதன் படங்களைத் தேடி, அணியத்தில் பலகைகள் எப்படி ஒடுங்குகின்றன என்று பாருங்கள்.

இனி பொம்மை விஷயம். நீளம், அகலம், உயரத்தை 48-ஆல் வகுத்துவிட்டீர்கள். நூலும் துணியும் பெயின்டும் வகுபடவில்லை. உங்கள் பாயில் மெஷின் தையல் ஒவ்வொன்றும் 2 மி.மீ. அசலில் அது ஏறக்குறைய 10 செ.மீ. தையல்! அப்படித் தைத்த பாய் முதல் காற்றிலேயே கிழிந்துபோகும். கிடைக்கிற மிக மெல்லிய பருத்தித் துணியை எடுங்கள், மூட்டுகளைத் தைக்காமல் பென்சிலால் கோடு போடுங்கள். கயிற்றில் 1 மி.மீ. பிசிறு நின்றால் அது 5 செ.மீ. ரோமம். நூலைத் தேன்மெழுகில் இழுத்துவிட்டால் படிந்துவிடும். பளபளப்பான பெயின்டும் வேண்டாம்.

பாயை வெள்ளையாக விட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்துக் கரையில் பாயையும் வலையையும் மக்கிப்போகாமல் இருக்கக் காசுக்கட்டிச் சாயத்தில் தோய்ப்பார்கள், செம்பழுப்பாக இருக்கும். மாதிரிக்குத் தேயிலைச் சாயம் போதும். நான் மூன்று முறை தோய்த்துக் காயவைப்பேன்.

முன் பாய்மரத்தை மட்டும் தயவுசெய்து பசை போட்டு நிறுத்திவிடாதீர்கள். ஹெரிங் மீனுக்கு வலையை விரித்துவிட்டு, வலையோடு படகு மிதந்துகொண்டிருக்கும்போது அந்த மரத்தைப் பின்பக்கமாகச் சாய்த்து வைப்பார்கள். இரவெல்லாம் படகு ஆடும் ஆட்டம் அதில் குறையும். சாய்க்க இடம் விட்டுத்தான் மேல்தளத்தில் நீளமாகத் திறப்பு வைத்திருப்பார்கள். உங்கள் வரைபடத்திலும் அது இருக்கிறது, நீங்கள் பலகையால் மூடியிருக்கிறீர்கள். அதைத் திறந்து, மரம் சாய்ந்து நிமிர்கிற மாதிரி செய்யுங்கள். உங்கள் மகள் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

மகள் கேட்டதற்கு வருகிறேன். மிதக்கும், ஆனால் பாய் விரித்தால் கவிழும். 48-இல் ஒரு பங்காக்கினால் பாயின் பரப்பு 2,304-இல் ஒரு பங்காகும், எடையோ 1,10,592-இல் ஒரு பங்காகும். காற்று மட்டும் அதே காற்று. கணக்குப் போட்டால், சாய்க்கிற விசைக்கு எதிரே நிமிர்த்துகிற விசை அசலில் இருப்பதைவிட 48 மடங்கு பலவீனம். அதனால் ஏராவுக்கு அடியில் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு தகடு, அதன் நுனியில் ஈயம் வைக்க வேண்டும். அதற்கான இரண்டு திருகுத் துளைகளை ஏராவில் இப்போதே போட்டுவிடுங்கள், உள்பக்கம் திறந்திருக்கும்போது சுலபம். பலகைக்கு உள்ளும் புறமும் நீர் புகாத எப்பாக்சிப் பிசின் பூசாமல் தண்ணீரில் இறக்க வேண்டாம்.

பலகைகளைக் கழற்றியதும், முனைச் சட்டங்களைச் சாய்வாக இழைத்துவிட்டு, பலகை போடுவதற்கு முன் ஒரு படம் அனுப்புங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும், அப்போதுதான் மேடு பள்ளம் தெரியும்.

அன்புடன்.