நாசில் ஸ்ட்ரெஸ்: சார்ட் சொல்வதும் சொல்லாததும்

பிரஷர் வெசலின் (அழுத்தம் தாங்கும் கலன்) உடல் சுவர் ஷெல்; அதில் பைப்பை இணைக்கும் குழாய் வாய் நாசில். பைப் தரும் லோடால் அங்கே வரும் ஸ்ட்ரெஸ் பற்றி சேலம் வட்டார ஃபேப்ரிகேஷன் நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில்கள்.

மேட்டூர் நண்பர்: 6 அங்குல நாசிலில் பைப் லோடு வருகிறது. டபிள்யூ.ஆர்.சி. 107-ஐ (இந்த ஸ்ட்ரெஸைச் சார்ட் பார்த்துக் கணக்கிடும் வெல்டிங் ரிசர்ச் கவுன்சில் வெளியீடு) எங்கே ஆரம்பிப்பது?

முதலில் இரண்டு எண்கள். ஷெல்லின் சராசரி ஆரத்தைத் தடிமனால் வகுத்தால் காமா. 600 மி.மீ. ஆரம், 10 மி.மீ. தகடு என்றால் 60. நாசிலின் வெளி ஆரத்தை 0.875-ஆல் பெருக்கி, ஷெல் ஆரத்தால் வகுத்தால் பீட்டா. வெளி விட்டம் 168.3 என்றால் 0.123 வரும். இனி ஒவ்வொரு லோடுக்கும் மெம்பிரேனுக்கு (தடிமன் முழுக்க ஒரே அளவில் வரும் ஸ்ட்ரெஸ்) தனிச் சார்ட், பெண்டிங்குக்கு (வளைவதால் வரும் ஸ்ட்ரெஸ்) தனிச் சார்ட்.

நாசிலைச் சுற்றி நான்கு இடம், ஒவ்வொன்றிலும் வெளிப்பக்கம், உள்பக்கம் என எட்டுப் புள்ளிகள். பலரும் தடுக்கி விழுவது பிளஸ், மைனஸில்தான். நாசில் உள்ளே தள்ளப்பட்டால், பெண்டிங்கால் ஷெல்லின் வெளிப்பக்கம் அமுங்கும், உள்பக்கம் இழுபடும். குறியோடு கூட்டுங்கள். பிரஷர் தரும் ஸ்ட்ரெஸ் சார்ட்டில் கிடையாது, தனியாகச் சேர்க்க வேண்டும். உங்கள் காமா, பீட்டாவுக்குச் சார்ட்டில் கோடு இல்லையென்றால், இருக்கும் கோட்டைப் பென்சிலால் நீட்டாதீர்கள்.

கல்லூரி மாணவர்: எந்த மொமென்ட் (நாசிலைச் சாய்க்கும், முறுக்கும் விசை) ஆபத்தானது சார்?

உருளை வெசலில் பெரும்பாலும் சுற்றளவுத் திசை மொமென்ட்தான், தம்பி. ஷெல் அந்தப் பக்கம் எளிதாக வளையும்.

சங்ககிரி நண்பர்: நாசிலைச் சுற்றிப் பேட் (ஷெல் மேல் வெல்டு செய்யும் வலுவூட்டும் தகடு) போட்டு, ஓட்டைக்கு ஈடான பரப்பும் சரியாக வந்துவிட்டது. அப்புறம் எதற்கு இந்தக் கணக்கு?

அந்தப் பரப்புக் கணக்கு பிரஷருக்கானது. பைப் தள்ளுவதும் முறுக்குவதும் அதில் இல்லை. பேட் இருந்தால் இரண்டு முறை பாருங்கள்: நாசில் ஓரத்தில் ஷெல்லும் பேடும் சேர்ந்த தடிமன், பேட் ஓரத்தில் ஷெல் தடிமன் மட்டும். இரண்டாவதை விட்டுவிடும் டிராயிங்குகள் நிறைய வருகின்றன.

ஓமலூர் நண்பர்: பேட் தடிமனை முழுசாக எண்ணுவதே தப்பு அண்ணா. வேலை நடக்கும் இடத்தைப் பார்த்தால் தெரியும்.

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ஷெல் வளைவுக்கு ரோல் ஆகாத பேடை டேக் அடித்து இழுத்து உட்கார வைக்கிறார்கள். வெல்டுக்கு முன் ஓரத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழையும். அப்படி உட்கார்ந்த பேடுக்கு முழுத் தடிமன் கொடுக்க நான் ஒப்ப மாட்டேன். ஆனால் எல்லாப் பேடுக்கும் பூஜ்யம் போடுவதும் நியாயமில்லை. சரியாக ரோல் செய்து, ஃபிட்-அப்பில் இடைவெளி பார்த்து, வெல்டுக்குப் பின் டெல்-டேல் துளையில் (கசிவு பார்க்கப் பேடில் போடும் சிறு துளை) காற்றுக் கொடுத்து சோப்பு நீரில் பாருங்கள். அதன்பின் எண்ணலாம்.

சங்ககிரி நண்பர்: அதற்குப் பேசாமல் ஷெல்லையே தடிமனாக்கலாமே?

முழு ஷெல்லை வேண்டாம். அந்த இடத்தில் மட்டும் தடித்த இன்சர்ட் தகடு வைக்கலாம். இடைவெளித் தொல்லை இருக்காது, பட் வெல்டை ரேடியோகிராபி எடுக்கலாம். செலவு கூடும். லோடு ஏறி இறங்கும் நாசிலுக்கு நான் அதையே சொல்வேன்.

ஆத்தூர் நண்பர்: ஜவ்வரிசி ஆலை பாய்லர் நாசிலுக்கும் இதே கணக்கா?

பாய்லருக்குத் தனிச் சட்டம், தனி விதிகள். கொதிகலன் ஆய்வாளரிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

இன்னொருவர்: எக்செல் ஷீட் அனுப்ப முடியுமா?

இதே கேள்வி மூன்றாவது முறை. அனுப்ப மாட்டேன். ஒரு நாசிலுக்காவது கணக்கைக் கையால் போடுங்கள்.

மேட்டூர் நண்பர் மறுபடி: நாசில் சுவர் ஷெல்லைவிட மெல்லியது. பரவாயில்லையா?

107 ஷெல்லைத்தான் சொல்கிறது, நாசில் சுவரைப் பற்றிப் பேசாது. உங்களுக்கு அதே டபிள்யூ.ஆர்.சி.யின் 297 வேண்டும், அது நாசில் சுவரையும் பார்க்கும். அதற்கும் எல்லைகள் உண்டு: நாசில் விட்டத்தை ஷெல் விட்டத்தால் வகுத்து 0.5-க்கு மேல் போனால் சார்ட்டை மூடிவிட்டு ஃபைனைட் எலிமென்டுக்கு (சிறு துண்டுகளாகப் பிரித்துக் கம்ப்யூட்டரில் போடும் கணக்கு) போங்கள். 297 சார்ட்டிலும் கோட்டை நீட்டாதீர்கள்.