சேப்பாக்கத்தில் இதழியல் படிக்கலாமா?

அன்புள்ள சார்,

தென்காசிப் பக்கம் பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன். சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இதழியல் மற்றும் தொடர்பியல் படிக்க ஆசை. அங்கே படித்த அண்ணன் ஒருவர், "எல்லாம் தியரிதான். கேமராவைத் தொட்டுப் பழகணும்னா தனியார் கல்லூரிக்குப் போ" என்கிறார். தனியார் என்றால் வீட்டில் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். என்ன செய்யட்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

கடன் வேண்டாம். இந்தத் தொழிலில் ஆரம்பச் சம்பளம் வட்டி கட்டவே சரியாகப் போய்விடும். சேப்பாக்கத்திலேயே சேருங்கள்.

கேமராவையும் எடிட்டிங்கையும் கைப்பேசியிலேயே பழகிக்கொள்ளலாம். அந்த வளாகம் தருகிற பெரிய வசதி அது இருக்கும் இடம்தான். கொஞ்சம் நடந்தால் எழிலகம். வருவாய் நிர்வாக ஆணையர் அலுவலகம் அங்கேதான். புயல், வெள்ளம் என்றால் மாநிலம் முழுவதிலிருந்தும் கணக்கு அங்கேதான் வந்து சேரும். வடக்கே பஸ் ஏறினால் கோட்டையில் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும். எழும்பூர் நீதிமன்றத்தில் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். ரிமாண்ட் எது, ஜாமீன் எது, வாய்தா எது என்று எந்தப் பாடப்புத்தகத்தையும்விட நன்றாகப் புரியும்.

அப்புறம், நீங்கள் கணக்குப் படித்தவர். செய்தி அறைகளில் இது அபூர்வம்! ஒரு கட்சியின் வாக்கு 20 சதவீதத்திலிருந்து 25 ஆனால் "5 சதவீதம் உயர்வு" என்று கூசாமல் எழுதுகிறோம். உயர்ந்தது 5 சதவீதப் புள்ளி. பழைய வாக்கோடு ஒப்பிட்டால் 25 சதவீதம். மானியக் கோரிக்கை (துறைவாரி நிதி ஒதுக்கீடு) விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும். தமிழிலேயே இருக்கிறது, இணையத்திலும் கிடைக்கிறது. ஒரே துறையின் மூன்று வருடக் குறிப்புகளை வரிசையாக வைத்துப் படியுங்கள். போன வருடம் அறிவித்த திட்டம் இந்த வருடம் சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தால் அதுதான் செய்தி. மேற்கொண்டு கேட்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. கெடு தாண்டினால் மேல்முறையீடு. படிக்கிற காலத்தில்தான் இதற்கெல்லாம் நேரம் இருக்கும். வேலைக்குப் போய்விட்டால் அன்றன்றைய பேட்டிக்கு ஓடவே பொழுது சரியாக இருக்கும்.

தியரியை உங்கள் அண்ணன் அப்படித் தள்ளியிருக்க வேண்டாம். 1968 அமெரிக்கத் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா என்ற ஆய்வாளர்கள் இருவர் சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். ஊடகங்கள் எவற்றைப் பெரிதாகப் போட்டனவோ, பெரும்பாலும் அவற்றையே அவர்களும் சொன்னார்கள். சென்னையில் ஒரு மணி நேரம் மழை பெய்தால் நாள் முழுக்க நேரலை. குற்றாலத்தில் வெள்ளம் வந்தால் எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள்? ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுக்க நான்கு சேனல்களை வைத்து நிமிடக் கணக்கு எடுங்கள். எம்.ஏ. ஆய்வேட்டுக்கு அதுவே போதும்.