தூரம் கூட்டும் புது ஹைப்ரிட்: கேள்வி பதில்

தூரத்தையே முன்னிறுத்திப் புதிதாக விற்பனைக்கு வந்திருக்கும் கோல்ஃப் மட்டையான ஹைப்ரிட் (பெரிய தலையுள்ள வுட், மெல்லிய தலையுள்ள அயர்ன் இரண்டின் கலப்பு) பற்றி ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்திலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. வார இறுதியில் பெங்களூரு போய் ஆடிவிட்டு வருகிறவர்களே பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு ஒரே பூரிப்பு, சிலருக்கு எரிச்சல். இரண்டுக்குமே காரணம் உண்டு.

என் பழைய 4 ஹைப்ரிட் 175 யார்டு போகும். புதிய 4 ஹைப்ரிட் 188 போகிறது. "எல்லாம் லாஃப்டைக் குறைத்த வேலை" என்கிறார்கள் கூட ஆடுகிறவர்கள். அவ்வளவுதானா?
– வாசகர், ஓசூர்

பாதிக்கு மேல் அவ்வளவுதான். லாஃப்ட் என்பது பந்தில் படும் மட்டை முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். மட்டையின் அடியில் பொறித்திருக்கும் 4 என்ற எண்ணுக்கு விதி எதுவும் கிடையாது. எந்த லாஃப்டுக்கு எந்த எண் என்பது தயாரிப்பவர் விருப்பம். 3 ஹைப்ரிட் 19 டிகிரி, 4 ஹைப்ரிட் 22, 5 ஹைப்ரிட் 25 என்பது நெடுநாள் வழக்கம். தூர வகையில் 4 என்று போட்டிருப்பது 20 டிகிரியாகவும், ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) 40 அங்குலத்துக்குப் பதில் 40½ ஆகவும் இருக்கலாம். அப்படியானால் உங்கள் கையில் இருப்பது பெயர் மாறிய 3 ஹைப்ரிட்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தர வேகத்தில் அடிப்பவருக்கு ஒரு டிகிரி லாஃப்ட் ஏறத்தாழ 3 யார்டு. இரண்டு டிகிரி குறைந்தால் 6 யார்டு கூடும். அரை அங்குல நீளம் தலையின் வேகத்தைச் சற்றுக் கூட்டி இன்னும் ஓரிரு யார்டு தரும். 13 யார்டில் 8 இங்கேயே போய்விட்டது. மீதி 5 மட்டுமே மெல்லிய முகத் தகட்டுக்கும் அடிப்பகுதியில் வெட்டிய பள்ளத்துக்கும் உரியது.

அந்த 5 யார்டைக் குறைத்துச் சொல்லவில்லை. முகம் எவ்வளவு துள்ளலாம் என்பதற்கு கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ இரண்டும் வரம்பு வைத்திருக்கின்றன: ஊசல்போல ஆடி மோதும் எஃகுக் குண்டும் முகமும் ஒட்டியிருக்கும் நேரத்தை அளக்கும் சோதனையில் 239 மைக்ரோ விநாடி, சோதனைச் சலுகை 18 சேர்த்து 257. நடு முகத்தில் பட்ட அடிக்கு இதைத் தாண்டி எந்த நிறுவனமும் அள்ளிக் கொடுக்க முடியாது. புதிய முகத்தின் உண்மையான பயன், முகத்தின் கீழ்ப்பகுதியில் பட்ட பந்தும் வேகம் அதிகம் இழக்காமல் போவதுதான். ஹைப்ரிட் அடியில் பெரும்பாலோருக்குப் பந்து படுவதும் அங்கேதான்.

சரியான ஒப்பீடு வேண்டுமென்றால் புதிய 4-ஐப் பழைய 3-உடன் வைத்து அடியுங்கள். இரண்டுக்கும் லாஃப்ட் ஒன்றாக, ஷாஃப்ட் நீளம் ஒன்றாக, ஒரே வகைப் பந்தாக இருக்கட்டும். 11 பந்து அடித்து, தூரத்தை வரிசைப்படுத்தி, ஆறாவதாக வரும் எண்ணை எடுங்கள். நன்றாகப் பட்ட ஒரே பந்தை வைத்து வாங்குவதே இந்த விளையாட்டில் அதிகம் பணம் வீணாகும் வழி.

பந்து கிரீனில் (குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரை) அழகாக விழுகிறது. நிற்பதில்லை, பின்னால் உருண்டு ஓடிவிடுகிறது. பழைய மட்டையில் இந்தத் தொல்லை இல்லை.
– வாசகர், கிருஷ்ணகிரி

வந்த கடிதங்களிலேயே முக்கியமான கேள்வி இது. 'தூரம்' என்று விளம்பரம் சொல்வது காற்றில் போன தூரமும் தரையில் உருண்ட தூரமும் சேர்ந்தது. டீயிலிருந்து (தொடங்கும் இடம்) ஃபேர்வேக்கு (கிரீன்வரை நீளும் புல்வழி) அடிக்கும்போது உருண்டது லாபம். கிரீனைக் குறிவைக்கும்போது அதுவே நட்டம். அங்கே உங்களுக்கு வேண்டியது கேரி, அதாவது விழும் இடம்வரை உள்ள தூரம். அதோடு பந்து எந்தச் சரிவில் இறங்குகிறது என்பதும் வேண்டும்.

பந்து நிற்க இரண்டு காரணங்கள் உண்டு: செங்குத்தாக இறங்குவது, பின்சுழல். மட்டை பொருத்தித் தருகிறவர்கள் ஹைப்ரிட்டுக்குக் கையாளும் உத்தேச அளவு, இறங்கும் கோணம் 40 டிகிரிக்கு மேல், சுழல் நிமிடத்துக்கு 4000 சுற்றை ஒட்டி. தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஹைப்ரிட் அடி இந்த இரண்டு அளவையும் தாண்டும். தூர ஹைப்ரிட்டில் லாஃப்ட் குறைவு, கனமும் முகத்துக்கு அருகே தள்ளி வைக்கப்பட்டிருக்கலாம். இரண்டுமே சுழலைக் குறைக்கும். சுழல் 3000 அளவுக்கு இறங்கினால் பந்து தட்டையாகப் பறந்து, விழுந்த பின் 15, 20 யார்டு ஓடும்.

நீங்கள் ஆடும் இடமும் இதில் சேர்கிறது. பெங்களூரு கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். உயரம் 1000 அடி கூடினால் தூரம் 1 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும் என்பது கணக்கு. சென்னையில் 180 யார்டு கேரி போகும் அடி அங்கே 186 போகும், ஊட்டியில் 195-ஐத் தொடும். காற்று மெலிதாக இருப்பதால் பந்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையும் குறைந்து, இறக்கம் இன்னும் தட்டையாகும். மார்ச் முதல் மழை வரும்வரை தரை இறுகியிருக்கும் நாட்களில் இவ்வளவும் சேர்ந்தால் பந்து எப்படி நிற்கும்?

சரிசெய்ய வழி இருக்கிறது. கழுத்தில் லாஃப்ட் மாற்றும் அமைப்பு இருந்தால் முதலில் ஒரு டிகிரி கூட்டுங்கள். இல்லையென்றால் அதே வரிசையில் அடுத்த எண்ணை, அதாவது 5-ஐ, எடுத்துப் பாருங்கள். அதன் கேரி உங்கள் பழைய 4-க்குச் சமமாக வந்து, இன்னும் உயரமாகவும் போனால் உங்களுக்கு உரியது அதுதான். கெட்டியான இரண்டடுக்குப் பந்தை விட்டு, யூரித்தேன் உறை போட்ட பந்துக்கு மாறினாலும் பலன் தெரியும், ஆனால் நீண்ட மட்டையில் அந்த வேறுபாடு சிறியது. எதுவும் ஒத்துவரவில்லையா? கிரீனின் முன் விளிம்புக்கு 10 யார்டு முன்னால் விழும்படி அடித்து உருளவிடுங்கள். முன்னால் பங்கர் (மணற்குழி) இல்லாத கிரீனுக்கு மட்டும் இது பொருந்தும்.

இன்னொன்று: உங்கள் பையில் உள்ள 5 அயர்ன் எத்தனை டிகிரி என்று பாருங்கள். இப்போதைய அயர்ன் செட்டுகளில் 7 அயர்ன் 29, 5 அயர்ன் 22 அல்லது 23 என்று வருகிறது. முன்பு 7 அயர்ன் 34 இருந்தது. 20 டிகிரி ஹைப்ரிட்டுக்கும் உங்கள் 5 அயர்னுக்கும் இடையே கேரியில் 10 முதல் 15 யார்டு இடைவெளி இருந்தால் சரி. 22 யார்டு என்று வந்தால் நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது.

வலக்கைக்காரன். அயர்ன் நேராகப் போகிறது. இந்த ஹைப்ரிட் மட்டும் இடப்பக்கம் வளைந்து தோப்புக்குள் போய்விடுகிறது.
– வாசகர், தருமபுரி

குறை உங்கள் ஸ்விங்கில் இல்லாமல் இருக்கவும் வாய்ப்பு அதிகம். தூர ஹைப்ரிட்டுகள் பந்தை வலப்பக்கம் வளைத்து அடித்துவிடுகிறவர்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்படுகின்றன. குதிகால் பக்கம் (ஷாஃப்டை ஒட்டிய தலையின் ஓரம்) கனம், சற்று நிமிர்ந்த நிற்பு (தரையோடு ஷாஃப்ட் நிற்கும் கோணம்), மூடிய முகம் எல்லாம் பந்தை இடப்பக்கம் இழுக்கும். நேராக அடிக்கிறவருக்கு அந்த உதவியே உபத்திரவம்.

முதலில் நிற்பைச் சோதியுங்கள். மட்டையின் அடியில் செலோ டேப் ஒட்டி, தரையில் வைத்த கெட்டியான பிளாஸ்டிக் பலகைமேல் நான்கைந்து பந்து அடியுங்கள். டேப்பில் உரசல் குதிகால் பக்கம் இருந்தால் மட்டை உங்களுக்கு நிமிர்ந்திருக்கிறது. நுனிப் பக்கம் (தலையின் மறு ஓரம்) இருந்தால் படுத்திருக்கிறது. ஹைப்ரிட் கழுத்தை அயர்ன்போல எளிதாக வளைக்க முடியாது. 'ஃபிளாட்' என்ற அமைப்பு கழுத்தில் இருந்தால் அதற்குத் திருப்புங்கள், இல்லையென்றால் பிடியை அரை அங்குலம் இறக்கிப் பிடியுங்கள்.

அடுத்தது ஷாஃப்ட் எடை. பெரும்பாலோர் இதைக் கவனிப்பதே இல்லை. உங்கள் அயர்னில் 110 கிராம் ஸ்டீல் ஷாஃப்ட் இருந்து, ஹைப்ரிட்டில் 60 கிராம் கிராஃபைட் இருந்தால், கை முந்திக்கொண்டு முகம் மூடிவிடும். 80 கிராம் அளவில் மாற்றிப் பாருங்கள். ஹைப்ரிட் ஷாஃப்டின் நுனி விட்டம் பெரும்பாலும் 0.370 அங்குலம், டிரைவருக்கான (மிகத் தூரம் அடிக்கும் பெரிய வுட்) 0.335 இதில் பொருந்தாது. நீளத்தை அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங் எடை (வீசும்போது தலை கனப்பதன் அளவு) 3 புள்ளி இறங்கும். தலையில் 6 கிராம் ஈய டேப் ஒட்டினால் அது திரும்பக் கிடைக்கும். டேப்பை நுனிப் பக்கம் ஒட்டினால் இடப்பக்க இழுப்பும் சற்றுத் தணியும்.

பயிற்சித் திடலில் பாய்விரித்து அடிக்கும்போது பிரமாதம். மைதானத்தில் பாதி அடி தரையை வெட்டுகிறது, மீதி பந்தின் தலையில் படுகிறது.
– வாசகர், பர்கூர்

பாய் உங்களை ஏமாற்றுகிறது. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் விழுந்த மட்டையும் பாயில் வழுக்கிக்கொண்டு பந்தைச் சேர்ந்துவிடும். மண்ணில் அது குத்தி நின்றுவிடும்.

தலையில் படுவதற்குக் காரணம், பந்தைத் தூக்கிவிட முயல்வது. ஹைப்ரிட் என்றால் ஒட்டு. ஒட்டு மாங்கன்றில் வேர் ஒரு வகை, மேல்கிளை ஒரு வகை என்பதுபோல, இதில் பின்கனம் வுட்டுடையது, அடிக்கும் முறை அயர்னுடையது. தூக்கும் வேலையைக் கனமே பார்த்துக்கொள்ளும். நீங்கள் லேசாகக் கீழ்நோக்கி, முதலில் பந்து, பிறகு புல் என்று அடிக்க வேண்டும். பந்து இடக் குதிகாலுக்கு நேராக வேண்டாம், அதிலிருந்து ஒன்றரைப் பந்து அகலம் உள்ளே இருக்கட்டும். டீ முளையில் வைத்தால் கால் அங்குலத்துக்கு மேல் உயர்த்தாதீர்கள். எங்கே படுகிறது என்று அறிய முகத்தில் வீட்டு டால்கம் பவுடரைத் தூவுங்கள், தடம் துல்லியமாகத் தெரியும்.

பயிற்சித் திடல் பந்துகள் தேய்ந்தவை, தூரம் குறைந்தவை. அங்கே கிடைத்த எண்ணை நம்பி மட்டை எடுக்காதீர்கள்.

கழுத்தைத் திருகி லாஃப்ட் மாற்றும்போது கவனிக்க வேண்டியது என்ன? ஆட்டத்தின் நடுவே மாற்றலாமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

நடுவே கூடாது. தொடங்கியபோது இருந்த அமைப்பிலேயே முடிக்க வேண்டும். மறந்து திருகிவிட்டால், அந்த மட்டையால் அடிப்பதற்கு முன் பழையபடி வைத்துவிட்டால் தண்டனை இல்லை. அதேபோல, புதியதைச் சேர்த்தபோது பழையதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். 14-க்கு மேல் மட்டை இருந்தால் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) ஒரு குழிக்கு 2 ஸ்ட்ரோக், அதிகபட்சம் 4 ஸ்ட்ரோக் தண்டனை.

லாஃப்டைக் கூட்டினால் முகம் மூடும், குறைத்தால் திறக்கும். இது மறைமுகமாக நடப்பதால் பலர் குழம்புகிறார்கள். தருமபுரி வாசகர்போல இடப்பக்கம் போகிறவர் லாஃப்டைக் கூட்டினால் தொல்லை பெருகும். திருகாணியை மட்டையோடு வரும் சாவியால் மட்டும் முடுக்குங்கள். பெரும்பாலான சாவிகள் 40 அங்குல-பவுண்டில் 'டிக்' என்று ஒலித்து நின்றுவிடும். அதற்கு மேல் அழுத்தினால் மரை போய்விடும். செம்மண் தூசி புகுந்த மரையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

வயது 66. டிரைவரே 160 யார்டுதான். தூர ஹைப்ரிட் எனக்கு உதவுமா?
– வாசகர், அரூர்

உதவாது. வேகம் குறைந்தவருக்கு 20 டிகிரி ஹைப்ரிட் உயரவே உயராது. 5, 6 ஹைப்ரிட்டில் தொடங்குங்கள், அல்லது 7 வுட் எடுங்கள். 7 வுட் 21 டிகிரி அளவில் இருந்தாலும் தலை பெரிது, கனம் இன்னும் பின்னால், ஷாஃப்டும் நீளம். அதனால் அது பந்தை உயரமாக எழுப்பி மெதுவாக இறக்கும். உயரமான புல்லிலிருந்து அடிக்க மட்டும் ஹைப்ரிட்தான் வசதி.

வெளியூர்க்காரர் ஒருவர் ஒரே மாதம் ஆடிய இதே ஹைப்ரிட்டைப் பாதி விலைக்குத் தருகிறார். ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம். வாங்கலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

சத்தம் உள்ளே உதிர்ந்த பசைத் துணுக்காக இருந்தால் ஆட்டத்துக்குக் கேடில்லை. ஆனால் முகத் தகடும் மேல்மூடியும் சேரும் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் வேண்டாம். பத்துப் பந்து அடித்துப் பாருங்கள், ஓரிரண்டு அடியில் ஓசை மட்டும் மந்தமாகக் கேட்டால் அதுவும் விரிசலின் அறிகுறி. வரிசை எண் அழிக்கப்பட்டிருந்தாலோ, ஷாஃப்ட் சேரும் கறுப்பு வளையம் இடைவெளி விட்டு மேலேறியிருந்தாலோ விலகிவிடுங்கள். வளையம் மேலேறியது பெரும்பாலும் வெயிலில் நின்ற கார் டிக்கியில் கிடந்ததன் அடையாளம். சூட்டில் பசை இளகும். நம் ஊர் ஏப்ரல், மே மாதங்களில் பையை டிக்கியில் விட்டுவைக்கவே கூடாது.

கிரீனுக்கு வெளியே இரண்டு மூன்று கெஜத்தில் பந்து கிடக்கும்போது ஹைப்ரிட்டால் தட்டலாமா?
– வாசகர், பாலக்கோடு

தாராளமாக. 2004-இல் ராயல் ட்ரூனில் நடந்த ஓப்பன் போட்டியில் டாட் ஹாமில்டன் பிளேஆஃபின் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டம்) கடைசிக் குழியில் கிரீனுக்கு வெளியிலிருந்து ஹைப்ரிட்டால் உருட்டித்தான் கோப்பையைப் பிடித்தார். பட்டரை (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) பிடிப்பதுபோலப் பிடித்து, பிடியின் கீழ் முனைக்கு அருகே கையை இறக்கி, பந்தை நடுவில் வைத்து, மணிக்கட்டு அசையாமல் தட்டுங்கள். பந்து முதலில் புல்லைத் தாண்டிச் சிறிது துள்ளும், பிறகு உருளும். தூர ஹைப்ரிட்டின் முகம் துள்ளல் மிகுந்தது என்பதால் பட்டரில் தட்டும் வேகத்தில் பாதியிலிருந்து தொடங்குங்கள். மைதானத்துக்குப் போகும் முன் பயிற்சிக் கிரீனில் 5, 10, 15 யார்டு என்று மூன்று தூரத்துக்கும் பத்துப் பத்து தட்டிவிட்டுப் போனால் கை பழகிவிடும்.